விசை ஒன்று, வேலை வேறு!

"எஃப் 5 விசையின் பயன் யாது?"

ஒரு மாதிரித் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவாக இது வந்தது. நான் சற்றும் தயங்காமல், "அப்போதைய நேரத்தையும் தேதியையும் இடும்" என்று எழுதினேன். முன் பெஞ்சுத் தோழி, "பக்கத்தைப் புதுப்பிக்கும்" என்று எழுதினாள். சன்னலோரத்தில் இருந்தவளோ, "ஸ்லைடு காட்சியைத் தொடங்கும்" என்று எழுதினாள். மதிப்பெண் கிடைத்தது அவளுக்கு மட்டுமே. ஒரு மதிப்பெண் போனதற்காக நான் அழவில்லை. ஆனால் நான் எழுதியது தவறு என்று சிவப்பு மையால் அடித்திருந்தார்களே, அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் நான் எழுதியது தவறு அன்று!

கணிப்பொறி அறைக்குச் சென்று நீங்களே சோதித்துப் பாருங்கள். நோட்பேடைத் திறந்து எஃப் 5-ஐ அழுத்தினால் நேரமும் தேதியும் வந்து விழும். இணைய உலாவியில் அதே விசை பக்கத்தை மீண்டும் ஏற்றும். பாதி நிரப்பி வைத்திருந்த விண்ணப்பம் இருந்தால் அது காற்றோடு போகவும் கூடும். பவர்பாயிண்டில் காட்சி தொடங்கும். வேர்டில் அழுத்தினால் எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு சிறு பெட்டி வந்து கேட்கும். ஒரே பெட்டிக்குள், ஒரே பலகையில், ஒரே விசை! மூவர் எழுதிய விடையும் சரி. எழுதாத நான்காவது விடையும் சரி. வினாதான் பிழை.

இதைச் சொன்னபோது தோழியர் சிரித்தார்கள். "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? பழகிவிட்டால் போகிறது" என்றாள் ஒருத்தி. நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் அதே மாதத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு நேர்ந்தது என்னை வேறுவிதமாக எண்ண வைத்தது.

ஒரகடத்தை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கிற இடம் இது. விடியும் முன்பே கம்பெனிப் பேருந்துகள் வரிசை பிடித்துவிடும். சிப்காட் வந்த பிறகு காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் செய்கிற ஆலைகள் பெருகின. அவற்றுக்குச் சிறு சிறு பாகங்கள் செய்து கொடுக்கிற கம்பெனிகள் அவற்றைச் சுற்றி இன்னும் பெருகின. அப்படி ஒரு பாகக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் அக்காவுக்கு வேலை. ஒப்பந்த வேலைதான். வந்த சரக்கு எவ்வளவு, போன சரக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கணிப்பொறியில் ஏற்றுவது அவளுடைய பொறுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, தட்டச்சும் படித்து, வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள் அவள்.

அக்கா பகல் முழுவதும் இணைய உலாவியில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, தேவையான பக்கத்தைக் கண்ட்ரோல் விசையோடு 'டி' அழுத்திக் குறித்து வைப்பாள். உலாவியில் அந்த விசைக்கு "இப்பக்கத்தை நினைவில் வை" என்று பொருள். கை பழகிவிட்டது. ஒரு நாள் மாலை, ஷிப்ட் முடிகிற அவசரத்தில், சரக்குக் கணக்கு அட்டவணையில் சில வரிகளைத் தேர்ந்தெடுத்தாள். காலையில் வந்து சரிபார்க்க வேண்டியவை என்று குறித்து வைப்பதாக எண்ணி அதே விசையை அழுத்தினாள். அட்டவணை நிரல்களில் அந்த விசைக்கு வேறு பொருள். "மேலே உள்ளதைக் கீழே எல்லாக் கட்டங்களிலும் நிரப்பு" என்பது அதன் பொருள்! முதல் கட்டத்தில் இருந்த 48 என்ற எண், கீழே இருந்த அத்தனை பாகங்களுக்கும் 48 ஆகப் பரவிவிட்டது. மணி அடிக்கவில்லை, "நிச்சயமாகவா?" என்று கேட்கவில்லை. அக்கா சேமித்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

மறுநாள் காலை உற்பத்திப் பிரிவிலிருந்து ஒரு பாகத்தைக் கேட்டார்கள். கணக்கில் 48 இருந்தது. அலமாரியில் ஒன்றும் இல்லை. அப்புறம் நடந்ததை எழுத மனம் வரவில்லை. நல்ல வேளையாக ஒவ்வொரு அலமாரியிலும் கையால் எழுதித் தொங்கவிட்ட பின் கார்டுகள் இருந்தன. அவற்றைப் பார்த்து, அலமாரி அலமாரியாக எண்ணி, கணக்கைச் சரிசெய்ய ஒன்றரை நாள் ஆயிற்று. அக்காவை மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். மூன்று நாள் சம்பளம் போயிற்று. "கணிப்பொறி தெரியாதவளை எல்லாம் வேலைக்கு வைத்தால் இப்படித்தான்" என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. பணம் போனதைவிட அந்தச் சொல்தான் அவளைச் சுட்டது.

கணிப்பொறி தெரியாதவளா அவள்? தெரிந்ததனால் அல்லவா இந்த வினை! ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால், சுட்டியைப் பிடித்து மெனுவைத் திறந்து தேடியிருப்பாள், பிழை நேர்ந்திராது. விரல் பழகியவளுக்குத்தான் விசை பொறியாகிறது.

இந்த 'டி' விசை செய்கிற கூத்து இத்துடன் முடியவில்லை. வேர்டில் கண்ட்ரோல்-டி எழுத்துருவை மாற்றும் பெட்டியைத் திறக்கும். விண்டோசின் கோப்பு உலாவியில், தேர்ந்தெடுத்த கோப்பை அழித்துக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிடும்! ஓரிடத்தில் "நினைவில் வை", இன்னோரிடத்தில் "அழித்துவிடு". பெயிண்டில் கண்ட்ரோல்-டபிள்யூ படத்தின் அளவை மாற்றும் பெட்டியைத் திறக்கும். பிற இடங்களில் பெரும்பாலும் சன்னலையே மூடிவிடும். கண்ட்ரோல்-ஆர் உலாவியில் பக்கத்தைப் புதுப்பிக்கும். வேர்டில் பத்தியை வலப்பக்கம் ஒதுக்கும். பெயிண்டில் அளவுகோலைக் காட்டும். செய்ததை நீக்கியபின் மீண்டும் செய்யச் சில நிரல்களில் கண்ட்ரோல்-ஒய். சிலவற்றில் கண்ட்ரோல், ஷிப்ட், இசட் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். நோட்பேடில் 2021 வரை ஒரே ஒரு படிதான் பின்னால் போக முடியும். இரண்டாம் முறை கண்ட்ரோல்-இசட் அழுத்தினால் நீக்கியது திரும்பி வந்து நிற்கும்.

எல்லோரும் அறிந்த கண்ட்ரோல்-சி கூடத் தப்பவில்லை. எங்கும் படியெடுக்கிற அந்த விசை, கருந்திரையாகத் தோன்றுமே கட்டளைச் சன்னல், அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடும். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோதுதான், எழுத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் படியெடுக்கும், இல்லாவிட்டால் வேலையை நிறுத்தும் என்று ஒரு சமாதானம் செய்து வைத்தார்கள்.

ஏன் இந்தக் குழப்பம்? யாரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு வீட்டில் பிறந்து, பின்னால் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்த மருமகள்களைப் போன்றது. அவரவர் பிறந்த வீட்டுப் பழக்கம் அவரவருக்கு. கண்ட்ரோல்-சி வேலையை நிறுத்துவது தொலைத்தட்டச்சுக் காலத்துக் குறியீட்டிலிருந்து வந்த வழக்கம். வெட்டுவது, படியெடுப்பது, ஒட்டுவது என்னும் முறையை 1970-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கினார்கள். பின்னர் டெஸ்லர் ஆப்பிள் நிறுவனத்துக்குப் போனார். அங்கே 1983இல் வந்த லிசா என்னும் கணிப்பொறியில் இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கு விசைகளும் இப்பணிக்கு அமர்ந்தன. பலகையின் கடைசி வரிசையில் நான்கும் அடுத்தடுத்து இருக்கின்றன என்பதைக் கவனித்தீர்களா? எழுத்தின் பெயரைவிட விரலின் இடம் முக்கியம் என்று எண்ணியவர் அவர். 2020இல் அவர் மறைந்தபோது செய்தித்தாள்களில் சிறு பெட்டிச் செய்தியாக வந்தது. அவர் தந்த விசைகளையோ உலகம் முழுவதும் நாள்தோறும் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அதே 1980-களில் வேர்டுபெர்ஃபெக்ட் என்றொரு புகழ்பெற்ற எழுதும் நிரல் இருந்தது. அதில் உதவி வேண்டுமானால் எஃப் 3-ஐ அழுத்த வேண்டும். எஃப் 1 என்றால் "வேண்டாம், விட்டுவிடு" என்று பொருள். மற்றவற்றிலோ எஃப் 1 தான் உதவி. இப்படி ஆளுக்கொரு வழியாகப் போவதைக் கண்டு 1987இல் ஐபிஎம் நிறுவனம் ஒரு பொது நெறியை வகுத்தது. எஃப் 1 உதவிக்கு என்பது உலகெங்கும் நிலைத்தது அதனால்தான். படியெடுக்க கண்ட்ரோல்-இன்செர்ட், ஒட்ட ஷிப்ட்-இன்செர்ட் என்றும் அந்நெறி சொன்னது. விண்டோசில் இன்றைக்கும் அவை வேலை செய்கின்றன; நம்பாதவர்கள் அழுத்திப் பாருங்கள். ஆக, நெறி வகுக்க முடியாது என்பதில்லை. பாதி வகுத்து, மீதியை விட்டுவிட்டார்கள்.

நிரல் எழுதுபவர்கள் பக்கத்தையும் கேட்கத்தானே வேண்டும்? ஆங்கில எழுத்து 26 தான். வேர்டு போன்ற நிரலில் கட்டளைகளோ நூற்றுக்கணக்கில். எல்லாவற்றுக்கும் தனித்தனி விசை கொடுக்க எங்கே போவார்கள்? இருபது ஆண்டுகளாக ஒரு விசையைப் பழகியவரிடம் போய், "நாளை முதல் மாற்றிவிட்டோம்" என்றால் அவர் சும்மா இருப்பாரா? இதை நான் ஒப்புக்கொள்கிறேன். எல்லா நிரலிலும் எல்லா விசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பது நடவாத காரியம். நான் கேட்பது அதுவன்று.

எங்கள் ஊர் ஆலைகளையே பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் ஆலையில் கார் வெளிவரத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஒன்று கொரியா, மற்றது பிரான்சும் ஜப்பானும். ஆயினும் எந்தக் காரில் ஏறினாலும் வலக்கோடியில் வேகம், நடுவில் பிரேக், இடக்கோடியில் கிளட்ச். ஆதியில் இப்படி இல்லை. 1908இல் வந்த ஃபோர்டு டி மாடல் காரிலும் மூன்று மிதிகள் இருந்தன. இடது மிதி கியருக்கு, நடு மிதி பின்னால் செல்வதற்கு, வலது மிதி பிரேக்குக்கு! வேகம் கூட்டுவது கையால். இன்றைய ஓட்டுநர் ஒருவரை அதில் ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மோட்டார் சைக்கிள் கதை இன்னும் நம் ஊர்க் கதை. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். 1980-களில் ஜப்பானியக் கூட்டுறவோடு வந்த வண்டிகளில் கியர் இடக்காலில், பிரேக் வலக்காலில். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுபவர் அவசரத்தில் எந்தக் காலை மிதிப்பார்? மூளை யோசிக்கும் முன்னே கால் மிதித்துவிடுமே! அமெரிக்காவில் 1970-களின் நடுவிலேயே கியர் இடப்பக்கம், பிரேக் வலப்பக்கம் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். நம் புல்லட்டும் 2000-க்குப் பிறகு மெல்ல மெல்ல இடப்பக்கம் மாறியது. 2013இல் ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் ஆலை திறந்தபோது அந்த மாற்றம் முடிந்துபோன கதை. பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

ஆனால் காரிலும் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. திரும்பும் விளக்கைப் போடும் தண்டு, நம் நாட்டில் பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்கின் வலப்பக்கம். ஐரோப்பிய வழிவந்த கார்கள் பலவற்றில் இடப்பக்கம். மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? வெயில் கொளுத்தும்போது கண்ணாடி துடைப்பான் ஆடும், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவ்வளவுதான்! அதனால் அதை ஒன்றாக்க யாரும் அவ்வளவு பாடுபடவில்லை. பிரேக் விஷயத்தில் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது; அதனால் அதை ஒன்றாக்கினார்கள்.

கணிப்பொறிக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்கச் சொல்கிறேன். பெயிண்டில் அளவுகோல் தோன்றினால் தோன்றட்டும், அது துடைப்பான். ஒரு விசை ஓரிடத்தில் தீங்கில்லாத வேலையும் இன்னோரிடத்தில் எழுதியதை அழிக்கும் வேலையும் செய்கிறதென்றால், அது பிரேக். அப்படிப்பட்ட விசைகள் நூறு இராது. விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றையாவது எல்லா நிரல்காரர்களும் கூடி ஒன்றாக்கட்டும். முடியாவிட்டால், இருக்கிற எண்ணின் மேல் வேறு எண்ணை எழுதும் முன் ஒரு வார்த்தை கேட்கட்டும். ஆலையில் எத்தனை இயந்திரங்கள் இருந்தாலும், எந்த நாட்டில் செய்திருந்தாலும், அவசரத்தில் நிறுத்தும் பொத்தான் சிவப்புக் காளானாக மஞ்சள் தளத்தின் மேல் நிற்கிறதே! இரும்பு இயந்திரத்துக்கு இருக்கிற நெறி, அதே ஆலையின் ஸ்டோர்ஸில் இருக்கிற கணிப்பொறிக்கு ஏன் இல்லை? இரும்பு இயந்திரத்தில் போவது விரல். கணிப்பொறியில் போவது ஒரு பெண்ணின் மூன்று நாள் கூலி. இரண்டாவது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் காரணமோ?

எண் விசைகளைப் பற்றியும் ஒரு சொல். கணிப்பொறிப் பலகையின் வலப்புறத்திலும் கணக்குப் பொறியிலும் 7, 8, 9 மேல் வரிசை. தொலைபேசியில் 1, 2, 3 மேல் வரிசை. 1960இல் பெல் ஆய்வுக்கூடத்தினர் பலவகை அடுக்குகளை மக்களிடம் கொடுத்துச் சோதித்த பிறகே அதைத் தேர்ந்தார்களாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா ஆலையில் நம் பக்கத்துப் பெண்கள் பலர் கைப்பேசிகளைச் செய்தார்கள். கையில் செய்யும் பொருளில் 1 மேலே; பக்கத்து மேசைக் கணிப்பொறியில் 7 மேலே. எண் ஏற்றும் வேலையில் கை பழகியவர்களைக் கேளுங்கள், எத்தனை முறை தவறான எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள் என்று!

இனி நம் தமிழுக்கு வருவோம். மற்றவர்களைக் குறை சொன்ன நாம் இங்கே தலை குனியத்தான் வேண்டும். 'ஜே' என்று ஆங்கிலத்தில் பொறித்த விசையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தட்டச்சு முறையில் அது 'த'. தமிழ் 99 முறையில் 'ப'. நடுவணரசின் இன்ஸ்கிரிப்ட் முறையில் 'ர'. ஒலிப்பு முறையில் 'ஜ'. 'எஃப்' விசையோ தட்டச்சு முறையில் 'க', தமிழ் 99இல் புள்ளி, இன்ஸ்கிரிப்டில் இகரக் கொம்பு. ஒரே மொழிக்கு இத்தனை பலகைகள்! ஒரு கணிப்பொறியிலேயே இவற்றில் மூன்று நான்கு வரிசையாக இருக்கின்றன. எது எப்போது வந்து நிற்கும் என்று சொல்வதற்கில்லை.

இதற்கும் வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். நம் தாய்மார் பலர் தட்டச்சுப் பள்ளியில் 'யளனகப' என்று அடித்துப் பழகியது அந்த மரபில் வந்த பலகையில்தான். கணிப்பொறி வந்ததும் ஆளுக்கொரு பலகை செய்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டில் அறிஞர்கள் ஆராய்ந்து தமிழ் 99 என்னும் பலகையை வகுத்தார்கள்; அதே ஆண்டில் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். 'க'வை இருமுறை தட்டினால் புள்ளி தானே வந்து 'க்க' ஆகும். என் கருத்தில் தமிழுக்கு மிகப் பொருந்திய முறை அதுவே. ஆயினும் 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், தட்டச்சுப் பள்ளியில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று என்றுதான் இருக்கிறோம். பெரும்பாடுபட்டுத் தட்டச்சில் ஹையர் தேறிய பெண், வேலைக்குப் போன முதல் நாளில் மீண்டும் அகரம் தொடங்க வேண்டியிருக்கிறது.

குறுக்கு விசைகளையும் தமிழாக்கிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டவே வேண்டாம் என்பேன். ஸ்பானிய மொழி வேர்டில் அப்படிச் செய்தார்கள். அங்கே சேமிக்க கண்ட்ரோல்-ஜி, கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் அடிக்கோடு விழும். நாமும் 'வெட்டு' என்பதற்கு 'வ' என்று வைத்தால், தமிழ் 99 பலகையில் 'வ' இருப்பது எங்கே தெரியுமா? உலகமெல்லாம் ஒட்டுவதற்கு அழுத்துகிற அதே 'வி' விசையில்! ஒட்டப் போய் வெட்டிக்கொண்டு நிற்போம்.

பள்ளியில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விசைகளின் பட்டியலை மனப்பாடம் செய்து ஒப்பிக்கச் சொல்வதை நிறுத்தலாம். "எஃப் 5-இன் பயன் யாது?" என்று கேட்பதற்குப் பதில், "நோட்பேடில் எஃப் 5-இன் பயன் யாது?" என்று ஒரு சொல் கூட்டிக் கேட்கலாம். இதை எங்கள் ஆசிரியையிடம் சொன்னேன். சற்று யோசித்தார், சிவப்பு மையை எடுத்தார், என் தாளிலும் தோழியின் தாளிலும் ஒவ்வொரு மதிப்பெண் கூட்டிப் போட்டார்.

அக்கா நான்காம் நாள் வேலைக்குத் திரும்பினாள். பழைய சரக்குப் பெட்டியின் அட்டையைச் சதுரமாக வெட்டி, கறுப்பு மார்க்கரால் நான்கு வரி எழுதித் திரையின் கீழே ஒட்டியிருக்கிறாளாம். முதல் வரி: "டி – இங்கே அழுத்தாதே." அவளுக்கு அடுத்த ஷிப்டில் வரும் பெண் அதைப் பார்த்துவிட்டு, தன் பங்குக்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறாள்.